ஐந்து பேர், ஐந்து பேருக்கும் மேஜும் ரோக்கும்தான் வேண்டுமாம்: வாவ் கிளாசிக்கில் யாருக்கு எந்த கிளாஸ்?

வேலந்தாவளம்_புதுசு:
எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் ஐந்து பேர். நானும் இன்னொருவனும் தமிழ்நாடு-கேரள எல்லையில் வேலந்தாவளம், ஒருவன் கொழிஞ்சாம்பாறை, ஒருவன் கோவையில் வேலை பார்க்கிறான், ஐந்தாவது ஆள் சித்தூர். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் (வாவ்) கிளாசிக் என்ற ஆன்லைன் கேமை ஒன்றாக ஆரம்பிக்கலாம் என்று பேசி முடிவு செய்துவிட்டோம். கிளாஸ், அதாவது நம் கேரக்டர் என்ன வகை வீரன் என்று தேர்ந்தெடுக்கும் பக்கத்தில் வந்து நின்றதும் சண்டை. மூன்று பேருக்கு மேஜ் (மந்திரவாதி) வேண்டும், இரண்டு பேருக்கு ரோக் (பின்னால் போய்க் குத்துகிறவன்). முன்னால் நின்று அடி வாங்கும் டேங்க் யார், காயம் ஆற்றும் ஹீலர் யார் என்று கேட்டால் எல்லாரும் போனை நோண்டுகிறார்கள். யூடியூபில் எந்த கிளாஸ் அதிகம் அடிக்கும் என்ற டேமேஜ் பட்டியல் பார்த்தோம், அதுவும் வாரியர், ரோக், மேஜ் என்றுதான் சொல்கிறது. ராத்திரி ஒன்பதரைக்கு மேல்தான் எங்களுக்கு நேரம். யார் எதை எடுக்கலாம்?

பாறசாலை_மக்கா:
ஹண்டர். அடுத்த கேள்வி?

புத்தூர்க்கட்டு:
எந்தச் சித்தூர் தம்பி? பாலக்காட்டுப் பக்கம் இருக்கிற சித்தூரா, எங்கள் சித்தூரா? காரணத்தோடுதான் கேட்கிறேன்.

வேலந்தாவளம்_புதுசு:
ஆந்திரா சித்தூர் அண்ணா. காலேஜில் கூடப் படித்தவன். வீட்டில் தெலுங்கு, எங்களோடு தமிழ். கொழிஞ்சாம்பாறைக்காரனுக்கு மலையாளம்தான் முதலில் வரும், தமிழும் நன்றாகப் பேசுவான்.

புத்தூர்க்கட்டு:
சரி. அப்படியானால் முதல் வேலை, ஐந்து பேரும் தனித்தனியாக பிங் (சர்வருக்குப் போய் வர ஆகும் மில்லிசெகண்ட்) எவ்வளவு என்று பாருங்கள். ராத்திரி ஒன்பதரை, பத்தரை இரண்டு நேரமும் பாருங்கள், பகலில் பார்த்துப் பயனில்லை. எல்லையோரத்தில் போன் ஹாட்ஸ்பாட்டில் விளையாடுகிறவர் யாராவது இருந்தால் அதையும் சொல்லுங்கள். வீட்டின் ஒரு அறையில் கேரளா சர்க்கிள் டவர், அடுத்த அறையில் தமிழ்நாடு டவர் என்று போன் மாறி மாறிப் பிடிக்கும். டவர் மாறுகிற அந்த நொடியில் கேம் அறுந்துவிடும். அந்த ஆளை ஹீலராகப் போட்டால் மற்ற நான்கு பேரும் சுடுகாட்டிலிருந்து ஆவியாக ஓடி வர வேண்டியதுதான்.

வாளையார்_வியாபாரி:
தம்பி, அந்த டேமேஜ் பட்டியலை முதலில் மூடி வை. அது 60-ஆம் லெவலில், மோல்டன் கோர் மாதிரி 40 பேர் சேர்ந்து போகிற ரெய்டில், நல்ல கியர் எல்லாம் மாட்டிக்கொண்டு போட்ட கணக்கு. நீங்கள் ஐந்து பேர், ஒன்றாம் லெவல், கையில் ஓட்டைக் கத்தி. அந்தப் பட்டியலுக்கும் உங்களுக்கும் சம்பந்தமே இல்லை.

கிளாஸ் தேர்ந்தெடுப்பது என்றால் ‘எனக்கு எது பிடிக்கும்’ என்று எல்லாரும் ஆரம்பிக்கிறார்கள். நம் ஊர்ப் பக்கம் அது இரண்டாவது கேள்வி. உன் லைன் எப்படி, நீ எத்தனை மணிக்கு வருவாய், நடுவில் எழுந்து போக வேண்டிய வீடா என்பதுதான் முதல் கேள்வி. இந்தியாவில் வாவுக்கு சர்வர் கிடையாது. எனக்கு ஐரோப்பா சர்வருக்கு 170 பக்கம் வருகிறது, மழை பெய்தால் 250. அதை வைத்துக்கொண்டு எந்த கிளாஸ் ஓடும், எது ஓடாது என்று பார்க்க வேண்டும்.

வாவில் ஒரு மந்திரம் போட்டதும் அடுத்ததற்கு 1.5 செகண்ட் காத்திருக்க வேண்டும். ரோக்குக்கு 1 செகண்ட்தான். இதுபோக, இந்த மந்திரம் முடியும் முன்பே அடுத்த பட்டனை அழுத்தினால் கேம் அதை வரிசையில் வைத்துக்கொள்ளும். ஸ்பெல் க்யூ விண்டோ என்று பெயர், வழக்கமாக 400 மில்லிசெகண்டில் இருக்கும். அதனால் நின்ற இடத்தில் நின்று ஒன்றன்பின் ஒன்றாக மந்திரம் போடுகிற வேலைக்கு 200 பிங் பெரிய தொல்லை இல்லை. தொல்லை எங்கே என்றால், எதிரி மந்திரம் போடும்போது சட்டென்று வெட்டி நிறுத்துவதில், அவன் முதுகுப் பக்கம் போய் நிற்பதில், ஓடிக்கொண்டே அடிப்பதில். ரோக்குக்கு இந்த மூன்றும் அன்றாடப் பிழைப்பு. பேக்ஸ்டாப் முதுகில் குத்தினால்தான் விழும். உன் திரையில் நீ பின்னால் நிற்பாய், சர்வர் கணக்கில் அவன் முகத்துக்கு நேரே நிற்பாய். ‘எதிரிக்குப் பின்னால் இருக்க வேண்டும்’ என்று சிவப்பு எழுத்தில் வந்துகொண்டே இருக்கும். லைன் மோசமான ஆள் ரோக் எடுக்க வேண்டாம்.

அதே ஆளுக்கு வார்லாக் (சூனியக்காரன்) கச்சிதம். கரப்ஷன், கர்ஸ் ஆஃப் அகோனி என்ற இரண்டு மந்திரத்தையும் எதிரி மேல் போட்டுவிட்டால் அதுபாட்டுக்குத் தின்றுகொண்டே இருக்கும், அகோனி 24 செகண்ட் ஓடும். முன்னால் நின்று அடி வாங்க வாய்ட்வாக்கர் என்ற ஏவல் பூதம் இருக்கிறது. மனா (மந்திர சக்தி) தீர்ந்தால் லைஃப் டேப் போட்டு உயிரை மனாவாக மாற்றிக்கொள்ளலாம். லைன் இரண்டு செகண்ட் திக்கினாலும் உலகம் இடிந்துவிடாது. எல்லாவற்றுக்கும் மேல் 20-ஆம் லெவலில் ஆளைக் கூப்பிடும் மந்திரம் வரும். கடையைப் பூட்டிவிட்டுத் தாமதமாக வருகிறவனை, மூன்று பேர் சேர்ந்து நின்றால் அவன் எங்கே இருந்தாலும் டஞ்சன் (குழுவாகப் போய்ச் சண்டை போடும் இடம்) வாசலுக்கே இழுத்துவிடலாம். சோல் ஷார்ட் என்ற உயிர்த் துண்டு ஒன்று செலவு, அவ்வளவுதான். பல ஊர்க்காரர்கள் சேர்ந்து ஆடும் குழுவில் வார்லாக் இல்லாவிட்டால் பாதி ராத்திரி ஒருவரை ஒருவர் தேடி நடப்பதிலேயே போகும்.

பாறசாலை_மக்கா:
அண்ணே வார்லாக்கைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். ஷார்ட் சேர்த்து வைக்கப் பையில் இடம் இல்லாமல் அழுவதையும் சொல்லும் அண்ணே. ஒவ்வொரு ஷார்டும் ஒரு கட்டத்தை அடைத்துக்கொள்ளும், ஒன்றின் மேல் ஒன்று அடுக்காது. ஒவ்வொன்றுக்கும் ஒரு உயிர் சாகும் நேரம் பார்த்து டிரெயின் சோல் போட வேண்டும்.

வாளையார்_வியாபாரி:
உன் அம்பு மூட்டையை விடக் குறைவுதான்.

மூணார்_மேகம்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். இங்கே பல பேரிடம் லேப்டாப்பே இல்லை, எஸ்டேட் லயத்தில் போன்தான். அதற்கு ஏதாவது சொல்லுங்கள். ஆல்பியன் ஆன்லைன் போனிலேயே ஓடுகிறது, 2023-இலிருந்து ஆசியா சர்வரும் தனியாக இருக்கிறது. சிங்கப்பூர் என்பதால் மேகம் மூடாத நாளில் பிங் நன்றாகவே வரும். அதில் கிளாஸ் என்ற ஒன்றே கிடையாது. எதை உடுத்துகிறோமோ அதுதான் கிளாஸ். ஹோலி ஸ்டாஃப் எடுத்தால் ஹீலர், கழற்றி வைத்து வில் எடுத்தால் வில்லாளி. இந்த ஐந்து பேர் சண்டையே வராது.

வாளையார்_வியாபாரி:
சண்டை தள்ளிப்போகும், ஒழியாது. ஒவ்வொரு ஆயுதத்துக்கும் தனித்தனியாகப் பழக்கம் ஏற வேண்டும். ஒரு மாதம் வில்லில் ஏறிவிட்டு ஹோலி ஸ்டாஃப் எடுத்தால் மறுபடி ஆரம்பத்திலிருந்து. அப்புறம் சிவப்பு, கறுப்பு மண்டலத்தில் செத்தால் மாட்டியிருந்தது எல்லாம் போச்சு. டவர் மாறும் இடத்தில் உட்கார்ந்து அதை ஆட வேண்டுமென்றால் மலிவான உடுப்பில் மட்டும் வெளியே போக வேண்டும். போன் மட்டும்தான் என்றால் ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்பையும் பார். அதிலும் கிளாஸ் கிடையாது. அந்த கேம் 0.6 செகண்டுக்கு ஒரு முறைதான் கணக்குப் பார்க்கும், 200 பிங்கில் வருகிறவனும் 50 பிங்கில் வருகிறவனும் பெரும்பாலும் ஒரே கணக்கில்தான் விழுவார்கள். மலைப் பகுதிக்கு அதைவிட ஒத்துப்போகிற கேம் எனக்குத் தெரியவில்லை.

புத்தூர்க்கட்டு:
சண்டை வேண்டாம் என்றால் ஃபைனல் ஃபேன்டஸி 14 இருக்கிறதே. ஒரே கேரக்டரில் எல்லா வேலையும் பழகலாம், கையில் இருக்கும் ஆயுதத்தை மாற்றினால் வேலை மாறிவிடும். 70-ஆம் லெவல் வரை இலவசமாகவே ஆடலாம், நாள் கணக்குக் கிடையாது. மந்திரத்துக்கும் மந்திரத்துக்கும் நடுவே 2.5 செகண்ட், நம் லைனுக்கு நிம்மதி. பெரிய லெவலில் இரண்டு மந்திரத்துக்கு நடுவில் இன்னும் இரண்டைச் செருகுகிற வேலை வரும், அங்கேதான் பிங் கடிக்கும். ஒரே குறை, இலவசக் கணக்கில் இருக்கிறவர் தானே பார்ட்டி (குழு) தொடங்க முடியாது, கில்ட் என்ற ஆட்டக்காரர் சங்கத்திலும் சேர முடியாது. ஐந்தில் ஒருவராவது காசு கட்ட வேண்டும். அப்புறம் சாதாரண டஞ்சனுக்கு நான்கு பேர்தான். ஐந்தாவது ஆள் என்ன செய்வான்?

வேலந்தாவளம்_புதுசு:
அது சரிவராது அண்ணா, ஐந்து பேரும் சேர்ந்து போக வேண்டும் என்பதற்குத்தான் வாவ் எடுத்தோம். ஹார்ட்கோர் சர்வரில் ஆடினால் என்ன? செத்தால் போச்சு என்றால் எல்லாரும் ஒழுங்காக ஆடுவார்கள் இல்லையா?

குமுளி_ஏலக்காய்:
தம்பி, வேண்டாம். 2023-இல் அந்த சர்வர் வந்தபோதே தெளிவாகச் சொல்லிவிட்டார்கள், லைன் அறுந்து செத்தாலும் சாவு சாவுதான், கேரக்டர் திரும்ப வராது. காற்றடித்து மரக்கிளை முறிந்தால் கரண்ட் போகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு அந்த விளையாட்டு எதற்கு? சாதாரண சர்வரிலேயே ஆடுங்கள். ரவுட்டருக்கு ஒரு மினி யுபிஎஸ் மட்டும் வாங்கி வையுங்கள். கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறுகிற ஒரு நொடியில் ரவுட்டர் அணைந்து ஏற இரண்டு நிமிஷம் ஆகும், டஞ்சனில் இரண்டு நிமிஷம் என்பது எல்லாரும் செத்து எழுந்து வருகிற நேரம்.

டேங்க் பற்றி யாரும் பேசவில்லை, நான் பேசுகிறேன். வாரியரைத் தனியாக வளர்ப்பது நரகம். தன்னைத்தானே குணப்படுத்திக்கொள்ள மந்திரம் இல்லை, ஆயுதம் பழசானால் அடியும் விழாது, ஒவ்வொரு சண்டைக்கும் உட்கார்ந்து ரொட்டி தின்ன வேண்டும். ஆனால் கூடவே ஒரு ஹீலர் நடந்தால் கதையே வேறு. அடிக்க அடிக்கவும் அடி வாங்க வாங்கவும் வாரியருக்கு ரேஜ் (கோபச் சக்தி) ஏறும், ரேஜ் இருந்தால்தான் அடிக்க முடியும். அடி வாங்கினாலும் சாகமாட்டோம் என்ற தைரியம் இருந்தால் வாரியரைப் போல சந்தோஷமான கிளாஸ் கிடையாது. நீங்கள் ஐந்து பேரும் ஒன்றாகவே ஏறப் போகிறீர்கள், அதனால் தனியாக ஆடுகிறவருக்குச் சொன்ன அறிவுரை எதுவும் உங்களுக்குப் பொருந்தாது.

யார் டேங்க் என்பதை வீரத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். தினமும் நேரத்துக்கு வருகிறவர், நடுவில் ‘ஒரு நிமிஷம்’ என்று எழுந்து போகாதவர். எங்கள் கடை தேக்கடி ரோட்டில், சபரிமலை சீசனில் நவம்பரிலிருந்து ஜனவரி வரை எனக்கு எப்போது கடை மூடும் என்று எனக்கே தெரியாது. அந்த மாதங்களில் டேங்க் பொறுப்பை இன்னொரு ஆளிடம் கொடுத்துவிட்டு நான் மேஜில் ஓரமாக நிற்பேன். ஒரு டிபிஎஸ் (அடிப்பது மட்டுமே வேலையான ஆள்) எழுந்து போனால் சண்டை மெதுவாகும். டேங்க் எழுந்து போனால் நான்கு பேர் சும்மா உட்கார்ந்திருப்பார்கள்.

இன்னொன்று, மற்ற நான்கு பேரும் காது கொடுத்துக் கேட்க வேண்டியது. எதிரி யாரை அடிக்க வேண்டும் என்பதற்கு கேம் உள்ளுக்குள் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. பக்கத்தில் நின்று அடிக்கிறவர் டேங்கின் கணக்கில் 110 சதவீதத்தைத் தாண்டினால் எதிரி அவர் பக்கம் திரும்புவான். தூரத்தில் நிற்கிறவருக்கு 130 வரை இடம் உண்டு. அதனால் டேங்க் போய் சண்டர் ஆர்மர் என்ற அடியை இரண்டு முறை போடும் வரை கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். மேஜ் பசங்கள்தான் இதில் முதல் குற்றவாளி. வாரியருக்கு சண்டர் ஆர்மரும், எதிரியைத் தன் பக்கம் இழுக்கும் டாண்டும் 10-ஆம் லெவலில்தான் வரும், அதுவரை டேங்க் என்று யாரையும் திட்டாதீர்கள்.

வேலந்தாவளம்_புதுசு:
அக்கா, பாலடின் டேங்காக முடியாதா? கவசம் போட்டிருக்கிறார், ஹீலும் வருகிறதே.

குமுளி_ஏலக்காய்:
சின்ன டஞ்சனில் ஒப்பேற்றலாம். ஆனால் கிளாசிக்கில் பாலடினுக்கு டாண்ட் கிடையாது, எதிரி ஹீலர் பக்கம் ஓடினால் திரும்ப இழுக்க வழியில்லை. 2007-இல் பர்னிங் குருசேட் என்ற அடுத்த பாகம் வந்த பிறகுதான் அதற்கு ஒரு வழி கிடைத்தது. டிரூயிட் கரடியாக மாறி நின்றால் நன்றாகவே தாங்கும், டாண்டும் உண்டு. வாரியர் பிடிக்காவிட்டால் அதை எடுங்கள்.

புத்தூர்க்கட்டு:
என் முறை. ஹீலர் என்றால் எல்லாரும் ஏன் பயப்படுகிறார்கள் என்று தெரியவில்லை. உயிர் அளவைக் காட்டும் பச்சைக் கோட்டைப் பார்த்துக்கொண்டே இருக்கிற வேலை என்று நினைக்கிறார்கள். உண்மையில் மனாவைச் சிக்கனமாகச் செலவழிக்கிற வேலை. ஹீல் பண்ணும் கிளாஸான ப்ரீஸ்ட்டுக்கு ஸ்பிரிட் என்ற குணத்தினால் வருகிற மனா, கடைசி மந்திரம் போட்டு 5 செகண்ட் சும்மா இருந்தால்தான் மறுபடி ஊற ஆரம்பிக்கும். அதனால் பதற்றத்தில் சின்னச் சின்னதாகக் கொட்டிக்கொண்டே இருந்தால் நடுச் சண்டையில் வறண்டுவிடும். நல்ல ஹீலர் மெல்ல மெல்ல ஆற்றும் ரெனியூ மந்திரத்தைப் போட்டுவிட்டு சும்மா நிற்பார், டேங்கின் உயிர் பாதிக்குக் கீழே போகும்போதுதான் பெரிய ஹீல் ஆரம்பிப்பார். பழைய ரேங்க் மந்திரத்தையும் பட்டன் வரிசையில் வைத்துக்கொள்ளுங்கள், கிளாசிக்கில் ரேங்க் குறைந்த ஹீலுக்கு மனா குறைவு, சின்ன காயத்துக்கு அதுவே போதும்.

ஹீலும் எதிரியைக் கோபப்படுத்தும். ஹீல் பண்ணின அளவில் பாதி கணக்கில் சேரும், அதுவும் சண்டையில் இருக்கிற எதிரிகளுக்குப் பங்கு பிரித்துத்தான். ஆனால் டேங்க் இன்னும் தொடாத எதிரி ஒன்று வந்தால் அதற்கு ஹீலர் மட்டும்தான் தெரியும். அப்போது ஓடாதீர்கள், டேங்கிடம் போய் நில்லுங்கள். புதுசாக ஹீல் பண்ணுகிறவர்கள் எல்லாரும் எதிர்த் திசையில்தான் ஓடுவார்கள்.

லைன் விஷயத்தில் ஹீலர் நடுத்தரம். மந்திரம் 2.5, 3 செகண்ட் என்று நீளமாக இருப்பதால் பிங் தெரியாது, ஆனால் அறுந்துபோகக் கூடாது. ஐந்து பேரில் யாருக்கு லைன் அறுவதே இல்லையோ அவர்தான் ஹீலர். பிங் அதிகமாக இருந்தாலும் பரவாயில்லை. சித்தூர்க்காரருக்கு ஃபைபர் இருந்தால் அவரைக் கேட்டுப் பாருங்கள்.

பாறசாலை_மக்கா:
எல்லாரும் பெரிய பெரிய விஷயமாகப் பேசி முடித்தாச்சா? இப்போது ஹண்டர். மக்கா, ஐந்து பேரும் தினமும் ஒன்றாக வருவோம் என்று நீ நம்புகிறாய். இரண்டாவது வாரமே ஒருத்தனுக்கு கல்யாணம், ஒருத்தனுக்கு நைட் ஷிப்ட். அன்றைக்குத் தனியாக உட்கார்ந்து ஆட எந்த கிளாஸ் ஏற்றது? 10-ஆம் லெவலில் பெட் (வளர்ப்பு மிருகம்) கிடைக்கும், அது முன்னால் நின்று அடி வாங்கும், நீ பின்னால் நின்று டீ குடித்துக்கொண்டே அம்பு விடலாம். 30-இல் செத்த மாதிரி நடிக்கிற வித்தை வரும், மொத்தக் குழுவும் செத்தாலும் நீ எழுந்து நடந்து வருவாய். ஓரக் கண்ணால் டிவியும் பார்க்கலாம்.

குறையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வாளையார் அண்ணன் சொல்லுவார். எதிரி ரொம்பப் பக்கத்தில் வந்தால் அம்பு விட முடியாது, கோடாலியும் எட்டாது, நடுவில் 5 முதல் 8 கஜம் வரை ஒரு செத்த இடம் இருக்கும். பெட்டுக்குச் சோறு போட வேண்டும், பட்டினி போட்டால் கோபித்துக்கொண்டு ஓடிவிடும். டஞ்சனுக்குள் போகும் முன் எதிரியை இழுக்கும் பெட்டின் க்ரவுலை (உறுமல்) அணைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அது டேங்கோடு போட்டிக்குப் போய் அக்காவிடம் நாம் திட்டு வாங்குவோம்.

குமுளி_ஏலக்காய்:
வாங்குவாய்.

வாளையார்_வியாபாரி:
மக்கா சொன்னதில் ஒன்று மட்டும் உண்மை, தனியாக ஆடுகிற நாள் வரும். அதனால் பிடிக்காத கிளாஸை யார் தலையிலும் கட்டாதீர்கள். கட்டாய ஹீலர் 15-ஆம் லெவலில் காணாமல் போவான்.

பழைய கதை ஒன்று. 2000-களில் ரக்னராக் ஆன்லைனுக்கு இந்திய சர்வரே இருந்தது, பிரவுசிங் சென்டரில் மணிக்கு இவ்வளவு என்று கட்டி ஆடினோம். எல்லாரும் வாள்வீரன், மேஜ் என்று ஓட, நான் மெர்ச்சன்ட் (வியாபாரி) எடுத்தேன். சிரித்தார்கள். டிஸ்கவுண்ட் வித்தையை முழுசாக ஏற்றினால், கேமே நடத்துகிற என்பிசி கடையில் 24 சதவீதம் குறைவாக வாங்கலாம், ஓவர்சார்ஜ் ஏற்றினால் 24 சதவீதம் கூடுதலாக விற்கலாம். அப்புறம் கேமுக்குள்ளேயே வண்டி வாங்கி ப்ரொண்டேரா நகரத் தெருவில் கடை போட்டு உட்கார்ந்தால், கேம் பாட்டுக்கு ஓடும், நான் பக்கத்தில் உட்கார்ந்து நண்பன் ஆடுவதைப் பார்ப்பேன். குழுவில் எல்லாருடைய மருந்துச் செலவும் என் வழியாகத்தான் போகும். சண்டைக்கே போகாமல் ஒரு கிளாஸ் குழுவைத் தாங்க முடியும் என்று அப்போதுதான் பார்த்தேன். செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு விலை, அந்தப் பக்கம் ஒரு விலை என்று பார்த்து வளர்ந்தவனுக்கு வேறு எந்த கிளாஸ் வரும்?

டேங்க், ஹீலர், டிபிஎஸ் என்ற இந்தப் பங்கீட்டையே ஒழிக்கப் பார்த்தவர்களும் உண்டு. 2012-இல் கில்ட் வார்ஸ் 2 வந்தபோது எல்லா கிளாஸுக்கும் சொந்தமாக ஒரு ஹீல் கொடுத்து, யாரும் யாரையும் நம்ப வேண்டாம் என்றார்கள். பிறகு பெரிய ரெய்டு வந்ததும் அதிலும் ஹீலர் திரும்ப வந்துவிட்டார்.

வேலந்தாவளம்_புதுசு:
எல்லாருக்கும் நன்றி. பிங் பார்த்தோம். சித்தூர்க்காரனுக்கு ஃபைபர், 180, அசையவே இல்லை. அவன் ப்ரீஸ்ட்டுக்குச் சம்மதம், ஆனால் யாரும் அவனை அவசரப்படுத்தக் கூடாதாம். கொழிஞ்சாம்பாறைக்காரன் வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது, அவன் வாரியர். எனக்குத்தான் ஹாட்ஸ்பாட், அதனால் வார்லாக். கோவைக்காரன் மேஜ், மீதி ஒருவன் ரோக்கை விடமாட்டேன் என்கிறான், அவனுக்கும் கேபிள் லைன்தான். வாய்ஸில் யாராவது பதறினால் ஒரே நேரத்தில் தமிழ், மலையாளம், தெலுங்கு மூன்றும் கேட்கிறது, அதற்கு என்ன செய்வது?

புத்தூர்க்கட்டு:
வாயை நம்பாதீர்கள், குறியை நம்புங்கள். எதிரி தலைக்கு மேல் குறி போடலாம். மண்டை ஓடு முதலில் சாக வேண்டியவன், சிலுவை அடுத்தவன், நிலா, மேஜ் மந்திரம் போட்டு ஆடாக மாற்ற வேண்டியவன். நிலாவை யாரும் தொடக் கூடாது, தொட்டால் ஆடு மறுபடி ஆளாகிவிடும். எந்த பாஷைக்காரருக்கும் புரியும்.

பாறசாலை_மக்கா:
எந்தப் பக்கம், அலையன்ஸா ஹோர்டா? நைட் எல்ஃப் இனம் எடுங்கள், பார்க்க அழகு.

வாளையார்_வியாபாரி:
அவன் பேச்சைக் கேட்காதீர்கள். நைட் எல்ஃப் கடலுக்கு அந்தப் பக்கம் டெல்ட்ராசிலில் பிறக்கும். மற்றவர்களோடு சேர ஆபர்டைனில் கப்பலேறி, மெனத்திலில் இறங்கி, வெட்லேண்ட்ஸ் முதலைக்கெல்லாம் தப்பி அயர்ன்ஃபோர்ஜ் வரை ஓட வேண்டும். நைட் எல்ஃபில் மேஜும் வார்லாக்கும் கிடையவும் கிடையாது. நீங்கள் எடுத்திருக்கிற ஐந்தும் ட்வார்ஃப், க்னோம் என்ற இரண்டு இனத்துக்குள் அடங்கிவிடும். வாரியர், ப்ரீஸ்ட் ட்வார்ஃப். மேஜ், வார்லாக், ரோக் க்னோம். இரண்டு இனமும் கோல்ட்ரிட்ஜ் பள்ளத்தாக்கில் ஒரே இடத்தில்தான் பிறக்கும், முதல் நிமிஷத்திலிருந்து சேர்ந்தே நடக்கலாம். ட்வார்ஃப் ப்ரீஸ்ட்டுக்கு 20-ஆம் லெவலில் ஃபியர் வார்ட் வரும், எதிரி பயமுறுத்தி விரட்டும்போது டேங்க் ஓடாமல் நிற்பார்.

குமுளி_ஏலக்காய்:
ஒன்று கவனியுங்கள். ‘எட்டு பன்றிக் கால் கொண்டு வா’ மாதிரி வேலைகளில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எட்டு வேண்டும், ஐந்து பேரும் ஒரே கூட்டமாகப் போனால் நாற்பது சேரும் வரை பன்றியே மிஞ்சாது. 10-ஆம் லெவல் வரை இரண்டு பேர், மூன்று பேராகப் பிரிந்து போங்கள். வாரியரும் ப்ரீஸ்ட்டும் ஒரு ஜோடி.

வேலந்தாவளம்_புதுசு:
சரி அக்கா. அப்படியானால் க்னோம் மூன்று பேரும் ஒரு கூட்டம். ரோக் பையன் இப்போதே பெயர் தேடிக்கொண்டிருக்கிறான், எல்லாப் பெயரும் எடுத்தாச்சு என்று வருகிறதாம்.

பாறசாலை_மக்கா:
ஊர்ப் பெயர் போடச் சொல். வேலந்தாவளத்தை எவன் எடுத்திருக்கப் போகிறான்?

புத்தூர்க்கட்டு:
பெயருக்கு 12 எழுத்துதான் இடம். ஆங்கிலத்தில் எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள், சுருக்கித்தான் போட வேண்டியிருக்கும்.